பிடி மட்டும்தானே?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதி டைரக்டர்களின் பகையைச் சம்பாதித்தாயிற்று. புத்தகத்துக்கு எழுதி எழுத்தாளர்களின் பகையையும் சம்பாதித்தாயிற்று. இந்த வாரம் யார் வம்பும் வேண்டாம் என்று ஒரு கத்தியை எடுத்திருக்கிறேன். விமர்சனத்துக்குத்தான், பயப்படாதீர்கள்.

கடையில் வாங்கிய கத்தி அல்ல. என் சித்தி பையன் செய்தது. ஐ.டி.ஐ. படித்தவன். ஒரகடம் பக்கத்தில், கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற ஒரு சின்ன யூனிட்டில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். மாங்காய் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். நானும் உதவுகிறேன் பேர்வழி என்று அடுப்படியில் நுழைந்து தக்காளி நறுக்க உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக் கத்திக்குத் தக்காளித் தோல் என்றால் ஜென்ம விரோதம். நசுக்குமே தவிர நறுக்காது. இந்தக் கத்தி வைத்த இடத்தில் இறங்கியது.

“என்னம்மா கத்தி இது, இந்த வெட்டு வெட்டுது?”

“அவர் செஞ்சது மாமா. ஆக்ஸா பிளேடு” என்றாள் தம்பி மனைவி, ரொம்ப சாதாரணமாக.

திருப்பிப் பார்த்தேன். அலகில் பிளேடு கம்பெனியின் பெயின்ட் எழுத்து பாதி அழிந்தும் பாதி அழியாமலும் இருந்தது. எனக்குள் இருக்கும் விமர்சகர் சும்மா இருப்பாரா? சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்: “பிளேடு ரெடிமேட்தானே? அப்ப பிடி மட்டும்தானே நீ போட்டே?”

அவன் கோபிக்கவில்லை. “ஆமாண்ணா, பிடி மட்டும்தான்” என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டான். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்த ‘மட்டும்தான்’ எனக்கு உறுத்த ஆரம்பித்தது. நான் எழுதுகிற பத்தியில் பேப்பர், பேனா, தமிழ் எல்லாமே ரெடிமேட்தானே? அவன் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தங்கமான பையன்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். “எனக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு காட்டு.” வாலாஜாபாத் ரோட்டில் அவன் நண்பர் வைத்திருக்கும் வெல்டிங் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

முதலில் பிளேடு. கையால் அறுக்கும் அரை அங்குல அகல பிளேடு இதற்கு ஆகாது. இது பவர் ஆக்ஸா பிளேடு. இரும்பு ராடுகளைத் துண்டு போடும் மெஷினில் மாட்டுவது. ஒரு அடி, ஒன்றரை அடி நீளம். ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் அகலம். நல்லதாக இருந்தால் முழுக்க முழுக்க ஹைஸ்பீட் ஸ்டீல். பல் தேய்ந்தாலோ நடுவில் ஒடிந்தாலோ ஸ்கிராப் டிரம்முக்குப் போய்விடும். “நல்லதாக இருந்தால்” என்று சொன்னேனே, அங்கேதான் விஷயம். இப்போது பல இடங்களில் பேண்ட்சா வந்துவிட்டது. அதன் பிளேடு பெரும்பாலும் பைமெட்டல்: பல் இருக்கும் ஓரம் மட்டும்தான் ஹைஸ்பீட் ஸ்டீல், முதுகு ஸ்பிரிங் மாதிரி வளைகிற வேறு இரும்பு. பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுமாரான கத்தி.

எது எது என்று எப்படித் தெரியும்? ஒரு பழைய அரத்தை கிரைண்டரில் தொட்டுக் காட்டினான். வெள்ளையாகக் கிளை விட்டு மத்தாப்பு மாதிரி பொறி பூத்தது. “இது கார்பன் ஸ்டீல்.” அடுத்து பிளேடைத் தொட்டான். மங்கலான சிவப்புக் கோடுகள். கிளையுமில்லை, பூவுமில்லை. “இதுதாண்ணா நம்ம ஆளு.” தீபாவளிக்கு நன்றாக இல்லாத பொறி கத்திக்கு நல்லது என்று குறித்துக்கொண்டேன்.

கார்பன் ஸ்டீலைத் தேய்க்கும்போது 200, 300 டிகிரி சூடு ஏறினாலே பதம் இளக ஆரம்பித்துவிடும். ஓரத்தில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கூர் நிற்காது. அதனால் அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். ஹைஸ்பீட் ஸ்டீல் 500 டிகிரியிலும் அசையாது. அதில் இருக்கும் டங்ஸ்டன், மாலிப்டினம் செய்கிற வேலை. ஆனால் நன்றாகச் சூடேறியதைத் தடாலென்று தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அதனால் காற்றில் ஆற விடுகிறான். கொஞ்சம் தேய்க்கிறான், விரலால் தொட்டுப் பார்க்கிறான், வைத்துவிட்டு டீ குடிக்கிறான், மறுபடி தேய்க்கிறான். பதம் பிளேடு கம்பெனியிலேயே வைத்து வந்தாயிற்று. அதைக் கெடுக்காமல் உருவத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ மூணு மணி நேரம் பிடித்தது.

பிடி வேலை அதைவிட வேடிக்கை. பிடிக்கு ஆணி அடிக்க அலகில் ஓட்டை வேண்டும். துளை போடுகிற டிரில் பிட்டும் அதே ஹைஸ்பீட் ஸ்டீல். தன் ஜாதியைத் தானே எப்படித் துளைக்கும்? ஆனால் பிளேடை மெஷினில் மாட்டுவதற்கென்று நுனியில் ஒரு ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது. அந்த முனைதான் பிடிக்குள் போகிற மாதிரி முதலிலேயே யோசித்து பிளேடை ஒடித்திருந்தான். ஓட்டைக்குள் பித்தளை பிரேஸிங் ராடு ஒரு துண்டு. இரண்டு பக்கமும் தட்டினால் ரிவெட். மற்ற இடத்துக்கு ஆரல்டைட்டும் செம்புக் கம்பிச் சுற்றும். கட்டை, மெஷின் வந்து இறங்கிய பேக்கிங் பெட்டியின் பைன் மரம். அலகு பழசு, பிடி ஃபாரின்!

‘மட்டும்தானே’ என்று கேட்ட வாயை அங்கேயே மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, இந்த ஹைஸ்பீட் ஸ்டீலைக் கண்டுபிடித்தவர் யார் என்று தேடினேன். நாற்காலியிலிருந்து விழாத குறை. எஃப்.டபிள்யூ.டெய்லர்!

பி.காம். படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறக்காது. ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்’ பேப்பரில் சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட்டின் தந்தை யார் என்றால் டெய்லர் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஸ்டாப் வாட்ச் வைத்துத் தொழிலாளியின் அசைவுகளை அளந்தவர். 1911ல் அவருடைய புத்தகம் வந்தது. அதே மனிதர்தான் அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், அமெரிக்காவில் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில், மான்செல் ஒயிட் என்பவரோடு சேர்ந்து, வெட்டும் கருவியை உருகுநிலைக்குக் கிட்டத்தட்டச் சூடாக்கிப் பதம் வைத்தால் அது பழுக்கச் சிவந்த பிறகும் கூர் மழுங்காமல் வெட்டும் என்று கண்டுபிடித்தவர். 1900 பாரிஸ் கண்காட்சியில் அதை ஓட்டிக் காட்டினார்கள். கூட்டம் வாய் பிளந்தது.

எங்கள் வாத்தியார் ஸ்டாப் வாட்ச் கதையைச் சொன்னார். ஸ்டீல் கதையைச் சொல்லவே இல்லை. உண்மையில் இரண்டும் ஒரே கதைதான். லேத்தில் நிற்கிறவர் எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில் வெட்டுவது என்பதைத் தன் கை அனுபவத்தில் முடிவு செய்துகொண்டிருந்தார். டெய்லருக்கு அது பிடிக்கவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாகப் பரிசோதனை செய்து, அந்த முடிவைத் தொழிலாளியின் கையிலிருந்து எடுத்து, பிளானிங் டிபார்ட்மென்ட்டின் ஸ்லைடு ரூலுக்குள் வைத்தார். அந்தப் பரிசோதனைகளுக்கு நடுவில் கிடைத்ததுதான் இந்த ஸ்டீல்.

நூறு வருஷம் தாண்டி, டெய்லரின் பேரப்பிள்ளைகள் ஒரகடத்தில் இருக்கிறார்கள். ஸ்டாப் வாட்ச் இப்போது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அசெம்ப்ளி லைனில் வண்டி வருகிறது. உங்கள் முறைக்கு சில லைன்களில் ஒரு நிமிஷம்கூட இல்லை. போல்ட்டை எவ்வளவு முடுக்குவது என்று நீங்கள் யோசிக்க வேண்டாம், டார்க் கன்னுக்கே தெரியும். சரியாக முடுக்கினால் பச்சை விளக்கு. அடுத்த வண்டி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் கார் பிரேக்கை யாரோ ஒருத்தர் அன்றைய மூடைப் பொறுத்து முடுக்கட்டும் என்று நான் கேட்க மாட்டேன். நீங்களும் கேட்க மாட்டீர்கள். ஆனால் எட்டு மணி நேரம் பச்சை விளக்கு பார்க்கிற ஆளுக்குள் ஒரு மூளையும் பத்து விரலும் சும்மா இருக்கின்றன. அவை எங்கே போகும்?

கத்தி செய்யப் போகும். அதுவும் டெய்லரின் ஸ்டீலிலேயே!

இது உலகம் பூரா நடக்கிறது. ஸ்கிராப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு சாமான் செய்துகொள்வதை பிரான்ஸ் தொழிலாளிகள் ‘பெரூக்’ என்பார்கள், பொய்முடி என்று அர்த்தம். இங்கிலாந்தில் ‘ஃபாரினர்’. ஹங்கேரியில் மிக்லோஷ் ஹராஸ்தி என்றொரு எழுத்தாளர் 1970களின் தொடக்கத்தில் புடாபெஸ்ட்டில் ஒரு டிராக்டர் ஃபேக்டரியில் மில்லிங் மெஷின் ஓட்டினார். அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதியதற்காக, தொழிலாளர்களின் அரசாங்கம் என்று சொல்லிக்கொண்ட அரசாங்கம் அவர்மேல் வழக்குப் போட்டது. அதில் இந்தச் சொந்த வேலையைப் பற்றியே ஒரு பகுதி உண்டு. நாளெல்லாம் ஒரே பாகத்தில் ஒரே வெட்டு வெட்டுகிறவர், யாருக்கும் தெரியாமல் ஒரு சாவி வளையம் செய்யும்போதுதான் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு பொருளைத் தானே செய்கிறார் என்பது அவருடைய கட்சி. காசுக்காக இல்லை. கடையில் வாங்கினால் அதைவிட மலிவு.

நம் பக்கத்தில் இதற்கு விலை அதிகம். சித்தி பையனோடு ஒரே ரூமில் தங்கியிருந்த ஒரு பையன், 22 வயசு, வேறொரு கம்பெனியில் டிரெய்னி. பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். கத்தி செய்யும் ஆசையில் ஸ்கிராப் டிரம்மிலிருந்து அரை பிளேடு ஒன்றைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்து வந்தான். கேட்டில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. மறுநாள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால் குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை என்று ஏதோ ஒரு வரிசை உண்டு. டிரெய்னிக்கு அடையாள அட்டையைக் கழற்றி வாங்கினால் முடிந்தது. அவன் ஊருக்குப் போய்விட்டான். அங்கே என்ன சொல்லியிருப்பான்? “கத்தி செய்யப் பிளேடு எடுத்தேன்” என்று சொன்னால் பெற்றவர்களுக்குக் கேட்கவே பயமாக இருந்திருக்கும்.

கணக்குப் படித்தவன் என்பதால் கணக்குப் போட்டேன். ஹைஸ்பீட் ஸ்டீல் ஸ்கிராப்புக்கு சாதா இரும்பைவிட நல்ல விலைதான். ஆனாலும் அரை பிளேடு நூறு கிராம் வராது. ஒரு டீ, ஒரு வடை. காஸ்ட் அக்கவுன்டிங்கில் இதற்கு ‘நார்மல் லாஸ்’ என்று பெயர். எப்படியும் வீணாகும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்ட நஷ்டம். பிளேடு வீணானால் நார்மல். பையன் வீணானதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேட்டில் சோதனையே கூடாது என்று சொல்ல வரவில்லை. காப்பர் கேபிளைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். சித்தி பையன் வேலை பார்க்கும் யூனிட்டில் முதலாளி வேறு வழி வைத்திருக்கிறார். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஸ்கிராப்பில் யாருக்கு என்ன வேண்டுமோ ஒரு நோட்டில் எழுதி, அவர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸோடு எடுத்துப் போகலாம். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் தீர்ந்துவிட்ட பிரச்னை. நான் பார்த்த கத்திகள் இரண்டும் அந்த நோட்டில் இருக்கின்றன.

இனி என் ‘மட்டும்தானே’வுக்கு வருகிறேன். இது என் ஒருத்தன் வாய்த்துடுக்கு இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பற்றிப் படித்தவர்கள் பேசும்போதெல்லாம் இதே தொனிதான். “என்ன சார் பெரிய ஃபேக்டரி? பார்ட்ஸ் எல்லாம் வெளியிலேர்ந்து வருது. இங்க ஸ்குரூ முடுக்கறாங்க, அவ்வளவுதான்.” ஐபோன் பெட்டியின் பின்பக்கமே ‘இந்தியாவில் அசெம்பிள் செய்யப்பட்டது’ என்றுதான் போட்டிருக்கிறது என்று சாட்சிக்கு இழுப்பார்கள்.

சேர்ப்பது கேவலமான வேலையா? கத்தியின் சரித்திரத்தையே கேட்டுப் பார்க்கலாம். பழைய லண்டனில் அலகு அடிப்பவர் ஒருத்தர், பிடி செதுக்குபவர் ஒருத்தர், உறை தைப்பவர் ஒருத்தர். இவர்களிடம் வாங்கிச் சேர்த்து முழுக் கத்தியாக்கி விற்றவர்தான் ‘கட்லர்’. 1416ல் ஐந்தாம் ஹென்றி ராஜாவிடம் சாசனம் வாங்கியதும் அந்தக் கட்லர்களின் சங்கம்தான். ஜப்பானில் பேர்போன சகாய் ஊர்க் கத்திகளில் இன்றைக்கும் அடிப்பவர் வேறு, தீட்டுபவர் வேறு, பிடி போடுபவர் வேறு. நாம் இதில் மறுபக்கத்தில் இருந்தவர்கள். தென்னிந்திய உருக்கு கட்டி கட்டியாகக் கப்பலேறி மேற்கு ஆசியாவுக்குப் போய் வாளாயிற்று. பெயர் என்னவோ டமாஸ்கஸ் வாள். ‘அலகுதான் முக்கியம், பிடி என்ன பிடி’ என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

ஆக, பிடி போடுவதில் குறையில்லை. யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. எந்த பிளேடு, எங்கே ஒடிப்பது, எந்தப் பக்கம் கூர், எந்த மரம், எந்த ஆணி என்று என் கண்ணெதிரே சித்தி பையன் ஐந்தாறு முடிவு எடுத்தான். தப்பாக எடுத்தால் அவன் பிளேடு போகும். இந்தப் பாட்டையில் ஸ்குரூ முடுக்குகிறவர்களில் எத்தனை பேருக்கு ஒரு முடிவாவது கொடுக்கப்பட்டிருக்கிறது? கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பதைவிட, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கேயே சாட்சி இருக்கிறது. நோக்கியா 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்ய ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போனார்கள், வீட்டில் அவர்கள் சொல் எடுபட்டது. சும்மா சொல்லக் கூடாது, அது பெரிய விஷயம். 2014 நவம்பர் 1ம் தேதி உற்பத்தி நின்றது. அத்தனை வருஷம் போன் செய்தவர்கள் கையில் வெளியே எடுத்துப் போகிற மாதிரி என்ன தொழில் இருந்தது? ஒவ்வொருத்தருக்கும் போனில் ஒரு துண்டுதான் தெரியும்.

எதிர்சாட்சியும் இதே ரோட்டில்தான் இருக்கிறது. புல்லட்! 1955ல் இங்கிலாந்து ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து திருவொற்றியூரில் ஆரம்பித்தபோது, பெட்டியில் வந்த பாகங்களைச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பட்டமான பிடி வேலை. 1957ல் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கினார்கள். 1962ல் எல்லாப் பாகமும் இங்கேயே. ரெட்டிச் கம்பெனி 1970 வாக்கில் கடையைக் கட்டிவிட்டது. 1977ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. இன்றைக்கு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்கிறார்கள். இதை ஒரேயடியாகப் பாடவும் மாட்டேன். இறக்குமதிக்கு அனுமதி கிடைக்காத லைசென்ஸ் காலம், வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டதும் பல வருஷம் அதே வண்டியை எண்ணெய் ஒழுக ஒழுக விற்றுக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் பிடியில் ஆரம்பித்து அலகுக்குப் போக ஏழு வருஷம்தான் ஆயிற்று. அதற்கு, பெட்டியைப் பிரித்த ஆட்களை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விட வேண்டும். பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை டிரெய்னியை மாற்றிக்கொண்டிருந்தால் யார் பார்ப்பது?

விமர்சனம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கத்தியைப் பற்றி இன்னும் எழுதவில்லை. எனக்கென்று செய்து கொடுத்ததை மூணு மாசம் வீட்டில் உபயோகித்தோம். தக்காளி, வெங்காயம், பீன்ஸ், முருங்கைக்காய்: முதல் வகுப்பு. ஒரு தடவைகூட சாணை பிடிக்கவில்லை. மாங்காய், எலுமிச்சை: சுமார். இந்த ஸ்டீலில் குரோமியம் 4 சதவீதம் இருந்தால் அதிகம். எவர்சில்வர் ஆக அது போதாது. புளிப்புப் பட்டால் கறுக்கும், துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும், முதல் நாள் மாங்காய்த் துண்டிலும் கறுப்பு ஒட்டும். பைன் மரப் பிடி தண்ணீர் குடித்து உப்பிவிட்டது. இது தம்பியின் தவறு, பூவரசோ வேம்போ போட்டிருக்க வேண்டும். பல் இருந்த ஓரத்தைத்தான் தேய்த்துக் கூராக்கியிருந்தான். முதுகு ஓரம் மழுக்கப்படாமல் ஆள்காட்டி விரலை உறுத்தியது. அதை என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். தேங்காய் ஓடு, எலும்பு: தொடவே கூடாது.

கீழேயும் போடக் கூடாது. போன மாசம் போட்டேன். கிரானைட் தரை. இரும்பு விழுகிற சத்தமே இல்லை, கண்ணாடி மாதிரி ‘டிங்’கென்று இரண்டாக ஒடிந்தது.

போன் பண்ணினேன். திட்டுவான் என்று நினைத்தேன். “முனைத் துண்டு எவ்ளோ நீளம்ணா?” என்றான்.

“நாலு அங்குலம் சொச்சம்.”

“எடுத்துட்டு வாங்க, தீட்டித் தரேன். பழம் நறுக்க ஆகும். ஆனா இந்தத் துண்டுல ஓட்டை இல்ல. ஆணி போட முடியாது.” கொஞ்சம் நிறுத்தினான். “பிடி நீங்களே போட்டுக்குங்கண்ணா. பிடி மட்டும்தானே?”

இரண்டு வாரமாகிறது. பூவரசங்கட்டை ஒன்று வாங்கி வந்து நடுவில் அறுத்து அலகைச் செருகிப் பார்த்தேன், பிளந்துவிட்டது. இரண்டாவது கட்டைக்கு ஆரல்டைட் ஊற்றிக் கம்பி சுற்றினேன்; ஆப்பிள் நறுக்கும்போது அலகு அப்படியே ஆப்பிளில் நின்றுகொண்டது, பிடி மட்டும் என் கையோடு வந்தது. மூணாவது கட்டையில் இப்போது வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆழமாகத் துளைத்து, அலகின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, அப்புறம் பசை என்று யோசித்திருக்கிறேன்.